அறுபத்து மூன்று வயதில் ஏற்றிய கொடி

மலர்க் குழு நண்பர்கள் என்னிடம் கேட்டது கல்லூரி நினைவுகள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும், கடைசி ராத்திரியில் ஒருவர் ஷீட்டைப் பார்த்து இன்னொருவர் டிராயிங் போட்டதைப் பற்றியும் என்னைவிட ருசியாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதை அவர்களிடம் விட்டுவிட்டு, ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். அவர் நம் கல்லூரியில் படித்தவர் இல்லை. இன்ஜினியரும் இல்லை. ஆனால் நம்மில் யார் ஷிப்டு முடிந்து கார்டு பஞ்ச் செய்துவிட்டு வெளியே வந்தாலும், அந்த எட்டு மணி நேரக் கணக்கில் அவருக்கு ஒரு பங்கு உண்டு. அவர்தான் ம. சிங்காரவேலர்.

எனக்குச் சொந்த ஊர் ஏழாயிரம்பண்ணை. சாத்தூருக்கும் சிவகாசிக்கும் பக்கத்துக் கரிசல் பூமி. எங்கள் பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ்தான். ஆபீஸ் என்றதும் பத்து மணிக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்பும் வேலை என்று ஹாஸ்டலில் வெளியூர் நண்பர்கள் நினைத்துக்கொண்டார்கள். குரோஸ் கணக்கில் கூலி வாங்குகிற இடத்தில் கடிகாரத்துக்கு என்ன வேலை? கை ஓடுகிற வேகத்துக்குத்தான் காசு. பகலில் கட்டை அடுக்கிவிட்டு வந்த அம்மாமார்கள் ராத்திரியில் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். எட்டு மணி நேர வேலை என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்தபோது அது ஏதோ வேறு நாட்டுச் சமாச்சாரம் என்றே தோன்றியது. ஒரு வகையில் அது சரிதான். வேறு நாட்டில் ஆரம்பித்துக் கடல் தாண்டி வந்த சமாச்சாரம்தான் அது. அதை நம் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தவரின் கதை இது.

மீனவர் குப்பத்திலிருந்து

சிங்காரவேலர் 1860 பிப்ரவரி 18-ஆம் தேதி சென்னையில் ஒரு மீனவர் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் வெங்கடாசலம், தாயார் வள்ளியம்மை. கடலை நம்பி வாழும் சமூகத்தில் பிறந்த பையன் ஆங்கிலப் பள்ளிக்கூடத்துக்குப் போவதே அந்தக் காலத்தில் அபூர்வம். இவர் மெட்ரிகுலேஷன் முடித்து, கிறிஸ்தவக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்து, மாநிலக் கல்லூரியில் பி.ஏ.வும் வாங்கினார். சட்டப் படிப்பை முடித்து 1907-ல் ஹைகோர்ட்டில் வக்கீலாகப் பதிவு செய்துகொண்டபோது அவருக்கு வயது 47. நம்மில் பலர் முப்பத்தைந்திலேயே இனிமேல் என்ன படிப்பு என்று அலுத்துக்கொள்கிறோம். இந்த ஒரு கணக்கை மட்டும் மனசில் வைத்துக்கொண்டால் போதும்.

கல்யாணம் சாதி கடந்த கல்யாணம். மனைவி பெயர் அங்கம்மாள். சாதியை நியாயப்படுத்தாத ஒரு வழியைத் தேடி பௌத்தத்தின் பக்கம் போனார். அயோத்திதாசப் பண்டிதர், பேராசிரியர் லட்சுமி நரசு போன்றவர்கள் பௌத்தத்தைப் பற்றித் தீவிரமாகப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. மகாபோதி சங்கக் கூட்டங்கள் இவர் வீட்டிலேயே நடந்தன. டார்வின், ஸ்பென்சர், மார்க்ஸ் என்று கிடைத்ததையெல்லாம் வாங்கிப் படித்தார். சென்னையில் ஒரு தனி மனிதர் வைத்திருந்த மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று அவருடையது.

அதே சமயம், சிகாகோவில்

சிங்காரவேலர் சென்னையில் 26 வயது இளைஞராக இருந்தபோது, உலகத்தின் மறுபக்கத்தில் நடந்த ஒரு சம்பவம் பிற்காலத்தில் அவர் வாழ்க்கையோடு வந்து சேர்ந்தது. அதைச் சொல்லாமல் இவர் கதை முழுசாகாது.

சிகாகோ அப்போது வீங்கிக்கொண்டிருந்த ஊர். 1880-ல் ஐந்து லட்சம் பேர். பத்தே வருஷத்தில் பதினொரு லட்சம். ரயில், இரும்பு, இறைச்சி, அறுவடை இயந்திரம் என்று எல்லாத் தொழிலும் அங்கே வந்து குவிந்தது. வேலைக்கு ஆள் எங்கிருந்து? ஜெர்மனி, அயர்லாந்து, போலந்து, பொஹீமியா என்று கப்பலேறி வந்தவர்கள். நகரத்து ஜனங்களில் பெரும்பாலோர் வெளிநாட்டில் பிறந்தவர்கள் அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். ஒரே பட்டறையில் நாலு பாஷை. பத்து மணி, பன்னிரண்டு மணி நேர வேலை. யாராவது ஸ்டிரைக் செய்தால், நேற்றுக் கப்பலில் வந்து இறங்கியவனை அந்த இடத்தில் நிறுத்திவிடலாம். பழையவனுக்குப் புதியவன் மேல் கோபம், முதலாளிக்கு நிம்மதி.

மெக்கார்மிக் அறுவடை இயந்திரத் தொழிற்சாலையில் இன்னொரு வழியையும் கண்டுபிடித்தார்கள். வார்ப்புப் பட்டறையில் இருந்த கைதேர்ந்த மோல்டர்கள்தான் சங்கத்தின் முதுகெலும்பு. அவர்கள் இடத்தில் காற்றழுத்தத்தில் ஓடும் மோல்டிங் இயந்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். புது மெஷின் எதற்கு வருகிறது என்ற கேள்விக்கு உற்பத்தியைக் கூட்ட என்ற பதில் எப்போதும் முழுப் பதில் இல்லை என்பதை இன்ஜினியர்களாகிய நாம் கவனிக்க வேண்டும்.

1886 மே 1-ஆம் தேதி எட்டு மணி நேர வேலை கேட்டு அமெரிக்கா முழுக்க மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். மே 3-ல் மெக்கார்மிக் வாசலில் போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். அதைக் கண்டித்து மறுநாள் ஹேமார்க்கெட் திடலில் நடந்த கூட்டத்தில் யாரோ வெடிகுண்டு வீசினார்கள். யார் என்று இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. எட்டுப் பேர் மேல் வழக்கு. அந்த எட்டில் ஆறு பேர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். 1887 நவம்பர் 11-ல் நாலு பேரைத் தூக்கில் போட்டார்கள். ஒருவர் அதற்கு முந்தின நாளே சிறையில் உயிரை மாய்த்துக்கொண்டார். மிச்சமிருந்த மூன்று பேரை 1893-ல் இல்லினாய் கவர்னர் ஆல்ட்கெல்டு விடுதலை செய்தார். அந்த வழக்கே நியாயமாக நடக்கவில்லை என்று எழுதியும் வைத்தார். அவரும் ஜெர்மனியில் பிறந்தவர்தான். 1889-ல் பாரிஸில் கூடிய தொழிலாளர் மாநாடு மே முதல் தேதியை உலகத் தொழிலாளருக்குப் பொதுவான நாளாக அறிவித்தது.

பெரம்பூரில் பார்த்தது

சென்னை பெரம்பூரில் பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம், கர்நாடிக் என்ற இரண்டு பெரிய பஞ்சாலைகள். 1918 ஏப்ரலில் அங்கேதான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் முன்கை எடுத்தார்கள், பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க.வும் உடன் நின்றார். சிங்காரவேலரும் இந்தக் கூட்டங்களுக்கு வர ஆரம்பித்தார்.

1921-ல் காந்தியின் ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து, தன் வக்கீல் கவுனைப் பலர் பார்க்கக் கொளுத்திவிட்டுத் தொழிலை விட்டார். 47 வயதில் கஷ்டப்பட்டு வாங்கிய கவுனை 61 வயதில் கொளுத்துவது லேசான காரியம் இல்லை. அதே வருஷம் பெரம்பூர் ஆலைகளில் மாதக்கணக்கில் நீண்ட வேலைநிறுத்தம் நடந்தது. சிகாகோவில் பாஷையை வைத்துப் பிரிந்த தொழிலாளர் கூட்டம் இங்கே சாதியை வைத்துப் பிரிந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்ப, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரம், துப்பாக்கிச் சூடு, சாவு. கடைசியில் வேலைநிறுத்தம் தோற்றது.

சிங்காரவேலர் இதை மறக்கவில்லை. தொழிலாளி தொழிலாளியாக ஒன்று சேர வேண்டுமென்றால் சாதியை வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். அதற்கு அறிவு வளர வேண்டும் என்பது அவர் முடிவு. கூலி உயர்வும் சமூக சீர்திருத்தமும் அவருக்கு இரண்டு வேலைகள் இல்லை, ஒரே வேலைதான். 1922 டிசம்பரில் கயா காங்கிரசுக்குப் போய், தன்னைக் கம்யூனிஸ்ட் என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டு தொழிலாளருக்காகப் பேசினார். வெள்ளைக்காரன் ஆட்சியில் அந்த வார்த்தையை மேடையில் உச்சரிக்கப் பெரிய பெரிய தலைவர்களே தயங்கிய காலம்.

1923 மே 1

அடுத்த வருஷம் மே முதல் தேதி. சென்னையில் இரண்டு இடத்தில் கூட்டம்: ஹைகோர்ட்டுக்கு எதிரே கடற்கரையில் ஒன்று, திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஒன்று. இந்தியாவில் கொண்டாடப்பட்ட முதல் மே தினம் அதுதான். செங்கொடி ஏறியது. கொடிக்குச் சிவப்புத் துணி கிடைக்காமல் மகள் கமலாவின் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார் என்று இன்றும் சொல்வார்கள். அன்றே இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியையும் தொடங்கினார். தமிழில் தொழிலாளன், ஆங்கிலத்தில் லேபர் கிசான் கெசட் என்று இரண்டு பத்திரிகைகளும் நடத்தினார். அப்போது அவருக்கு வயது 63.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு 1923 வேறு ஒரு காரணத்துக்காகவும் முக்கியமான வருஷம். சிவகாசியிலிருந்து 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊரில் தொழிலை ஆரம்பித்தது அந்த வருஷம்தான். மழை பொய்த்த கரிசல் காட்டுக்குச் சோறு போட்டது அந்தத் தொழில். ஆக, தீப்பெட்டியும் மே தினமும் தமிழ்நாட்டில் ஒரே வயசு. இரண்டும் சந்தித்துக்கொள்ளத்தான் ரொம்ப காலம் ஆயிற்று.

வழக்கும் சிறையும்

1924-ல் அரசாங்கம் கான்பூர் சதி வழக்கைப் போட்டபோது இவர் பெயரையும் சேர்த்தது. அந்த நேரம் உடம்பு ரொம்ப மோசமாக இருந்ததால் கான்பூருக்குக் கொண்டுபோக முடியவில்லை. பிறகு இவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. உடம்பு தேறியதும் மனுஷர் என்ன செய்தார் தெரியுமா? 1925 டிசம்பரில் அதே கான்பூருக்குப் போய், முதல் இந்தியக் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார்! இடையில் சென்னை மாநகராட்சிக் கவுன்சிலராகவும் இருந்தார்.

1928-ல் தென்னிந்திய ரயில்வே போராட்டம். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே ஒர்க்‌ஷாப்பைத் திருச்சி பொன்மலைக்கு மாற்றினார்கள். மாற்றும்போதே ஆயிரக்கணக்கில் ஆளைக் குறைக்கவும் திட்டம். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது? அதற்குத்தான் டிரேடு டெஸ்ட். இருபது வருஷம் லேத்தில் நின்றவனைக் கூப்பிட்டுத் தொழில் தெரியுமா என்று பரீட்சை வைப்பது. காகிதத்தில் பார்த்தால் திறமைக்கான சோதனை. உண்மையில் வெளியே அனுப்புவதற்கான கதவு. சிகாகோவில் மோல்டிங் மெஷின் செய்த வேலையை இங்கே பரீட்சை செய்தது.

ஜூலையில் ரயில்கள் நின்றன. சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் முன்னே நின்றார்கள். கைது, வழக்கு, பத்து வருஷக் கடுங்காவல் தீர்ப்பு. 68 வயதுக் கிழவருக்குப் பத்து வருஷம்! அப்பீலில் தண்டனை குறைந்து 1930-ல் வெளியே வந்தார். போராட்டத்தில் ஈடுபட்ட எத்தனையோ தொழிலாளருக்கு வேலை போயிற்று. அந்த வேலைநிறுத்தமும் தோல்விதான்.

இப்படி அடுக்கிப் பார்த்தால் இந்த மனுஷர் கை வைத்ததெல்லாம் தோற்றுத்தானே போயிருக்கிறது என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் சட்டப் புத்தகத்தைத் தேதி வாரியாக வைத்துப் பாருங்கள். 1922-ல் திருத்திய இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தில் நாளைக்கு 11 மணி, வாரத்துக்கு 60 மணி. 1934-ல் வருஷம் முழுக்க ஓடும் தொழிற்சாலைகளுக்கு 10 மணி, 54 மணி. 1946-ல் 9 மணி, 48 மணி. வாரம் 48 என்றால் ஆறு நாளைக்கு எட்டெட்டு. ஒவ்வொரு படிக்கும் பின்னால் தோற்றுப்போன சில வேலைநிறுத்தங்கள் இருக்கின்றன. ஒரு தடவையில் திறக்காத போல்ட்டை நாலு பேர் மாற்றி மாற்றித் திருகினால், கடைசியாகத் திருகியவன் கையில் அது கழன்று வரும். முதல் மூன்று பேரும் சும்மா திருகவில்லை.

எழுத்தும் கடைசிக் காலமும்

சிறையிலிருந்து வந்தவர் ஓய்வு எடுக்கவில்லை. பெரியார் ரஷ்யாவையும் ஐரோப்பாவையும் சுற்றிவிட்டு 1932 கடைசியில் திரும்பியபோது, சுயமரியாதை இயக்கத்துக்கான ஈரோட்டுத் திட்டத்தை எழுதித் தந்தவர் இவர். பின்னால் அரசியல் பாதையில் இருவருக்கும் கருத்து வேற்றுமை வந்தது. ஆனால் குடி அரசு பத்திரிகையில் இவர் எழுதிய அறிவியல் கட்டுரைகள் தமிழுக்குப் பெரிய வரவு. பிரபஞ்சம் எப்படி உண்டானது, உயிர் எப்படி வளர்ந்தது, மூடநம்பிக்கை மனசில் எப்படி உட்காருகிறது என்பதையெல்லாம் ஆலைத் தொழிலாளிக்கும் புரிகிற தமிழில் சொல்லப் பார்த்தார். 1935-ல் புது உலகம் என்று ஒரு மாத இதழும் நடத்தினார். தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு, முதல் செமஸ்டரில் தெர்மோடைனமிக்ஸ் புரியாமல் முழித்த என் போன்றவர்களுக்கு அந்த முயற்சியின் அருமை தெரியும்.

1946 பிப்ரவரி 11-ஆம் தேதி, 86 வயதை எட்ட ஒரு வாரம் இருக்கும்போது காலமானார். வாரத்துக்கு 48 மணி என்ற சட்டத் திருத்தம் வந்ததும் அதே வருஷம்தான். அதைப் பார்க்க அவர் இல்லை.

நம் காலத்துக்கு

2023 ஏப்ரலில், தொழிற்சாலைகளில் நாளைக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் ஒரு திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது நினைவிருக்கும். எதிர்ப்பு கிளம்பியது. மே முதல் தேதியன்று சென்னை மே தினப் பூங்காவில் முதலமைச்சர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் கொடியேற்றிச் சரியாக நூறு வருஷம் ஆன நாள் அது.

எங்கள் ஊர்ப் பக்கமும் நிறைய மாறிவிட்டது. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசி பற்றிய வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, குழந்தையை வேலைக்கு வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. விடியற்காலையில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன வண்டிகள் மறைந்து, அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். அதில் சிலர் நம் கல்லூரி வரைக்கும் வந்தோம்.

ஆனால் குரோஸ் கணக்குக் கூலி மறையவில்லை. 2021 பிப்ரவரி 12-ல் எங்கள் ஊருக்குப் பக்கத்து அச்சங்குளத்தில் நடந்த பட்டாசு விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பட்டாசு மருந்துக்கு எதிரி உராய்வும் சூடும். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி எதற்கு? ஒன்று வெடித்தால் சேதம் நாலோடு நிற்கட்டும் என்பதற்குத்தான். சீசன் நெருக்கத்தில் அறையை உள்குத்தகைக்கு விட்டு, நாலு பேர் இடத்தில் அதிகம் பேரை உட்கார வைத்து, எண்ணிக்கைக்குத் தக்க கூலி என்று சொன்னால் கை தானாக வேகமெடுக்கும். வேகமெடுத்தால் உராயும். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. நேரத்துக்கு வரம்பு கேட்டவர்கள் ஓய்வுக்காக மட்டும் கேட்கவில்லை, உயிருக்காகவும் கேட்டார்கள் என்பது எங்கள் ஊரில் இருந்து பார்த்தால் நன்றாகவே தெரியும்.

நம் செட்டில் பலர் இன்று ஷிப்டு போடும் நாற்காலியில் இருக்கிறோம். நான் வேலை பார்க்கும் லைனில் இன்று பாதிக்கு மேல் பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு பையன்கள். சிகாகோவுக்குக் கப்பலில் வந்தவன் மாதிரி இவர்கள் சென்ட்ரலில் ரயிலைவிட்டு இறங்கி வந்தவர்கள். ஓவர்டைம் ஷீட்டில் கையெழுத்துக்காக வரும் பேர்களில் யார் தொடர்ந்து இரண்டாவது ஷிப்டு நிற்கிறான், பாதுகாப்பு விதியை அவன் பாஷையில் யாராவது அவனுக்குச் சொன்னார்களா என்று பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் போதும். அந்தப் பேனா நம் கையில்தான் இருக்கிறது.

சிங்காரவேலருக்கு 2006-ல் தபால் தலை வந்தது. சென்னை ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீஸ் கட்டிடத்துக்கு அவர் பெயர்தான். மெரினாவில், நாலு பேர் பாறையைப் பெயர்க்கிற உழைப்பாளர் சிலையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ராய் சௌத்ரி செய்த அந்தச் சிலை 1959-ல் வைக்கப்பட்டது. குடும்பத்தோடு பீச்சுக்குப் போனால் பிள்ளைகளை அங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி, இந்தக் கடற்கரையில்தான் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை 63 வயதில் கொடியேற்றினார் என்று சொல்லுங்கள். சங்கத்துக்கும் ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் கல்லூரி நூலகத்துக்கு வாங்கித் தரும் புத்தகங்களோடு அவருடைய கட்டுரைத் தொகுதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பிரதிக்கான பணத்தை நான் தந்துவிடுகிறேன்.